ஐரீன் வண்டியின் ஒயர்

கனடாவுல சஸ்காச்சுவான் பக்கத்துக் குளிர்ல, எஞ்சினைச் சூடாக்க காருக்கெல்லாம் மூக்குல ஒயர் தொங்கும். சாயங்காலமே அதைக் கரண்ட்ல சொருகிடணும், இல்லேன்னா காலையில எஞ்சின் கல்லாட்டம் கிடக்கும். பார்லோ ஊருக்கும் சுத்துப்பட்டு ஊருக்கும் கார் கடை ஒண்ணே ஒண்ணு, அதனால எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கார். கடைக்காரன் கல்யாணத்துல நடந்த கூத்தைச் சொன்னா சிரிச்சே செத்துடுவீங்க. அது கிடக்கட்டும், ஐரீன் மெல்னிக் கதைக்கு வரேன்.

ஐரீனுக்கு அறுபத்திரண்டு வயசு. பனித்தரையில கல்லைத் தள்ளி ஆடுற கர்லிங்ல அவதான் ஊர் அணிக்குத் தலைவி. பதினோரு வருஷம் தோத்துத் தோத்து, இப்பதான் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கா. சனிக்கிழமை காலையில, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, ஹார்பெக் ஊர்க்காரிகளோட ஆட்டம். சோறு தண்ணி இறங்கல அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துலேர்ந்து கடிதம். "மேற்படி வாகனத்தின் சூடேற்றும் ஒயர் தீப்பற்றக்கூடும். புது ஒயர் வரும்வரை தற்காலிகப் பரிகாரம் செய்து தரப்படும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பரிகாரம் நேர்லயே வந்துடுச்சு. பேரு க்ளிஃபர்ட் ஓக்ஸ், கையில பெரிய கத்திரி. ஊர் முழுக்க முடிச்சுட்டுக் கடைசியா இவ வீடு.

"என்ன சார் பண்ணப் போறீங்க?"

"ஒயரை வெட்டப் போறேன்மா."

"வெட்டினா வண்டி கிளம்பாதே!"

"கிளம்பாத வண்டிதாம்மா ரொம்பப் பாதுகாப்பான வண்டி."

"புது ஒயர் எப்ப வரும்?"

"ஜூன்ல."

"ஜூன்ல எனக்கு எதுக்குய்யா சூடு?"

"அது வேற இலாகாம்மா."

நறுக்னு வெட்டினார். 'இவ்வாகனம் முற்றிலும் பாதுகாப்பானது'ன்னு கண்ணாடியில ஒட்டினார். அப்புறம் உள்ள உக்காந்து ஏழு படிவம் எழுதினார். ஐரீன் உருளைக்கிழங்கு வெச்ச பெரோகிக் கொழுக்கட்டை அவிச்சுப் போட்டா. கோவம் வந்தாலும் வந்தவனுக்குச் சோறு போடாம இருக்க மாட்டா, அவங்கம்மா வளர்ப்பு அப்படி. அந்தம்மா ஒரு தடவை வரி அதிகாரிக்கே தாடையில... சரி, அது வேற கதை.

மூணு மணி நேரம் கழிச்சு ஓக்ஸ் வெளிய போய்த் தன் வண்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முனகலோட அடங்கிடுச்சு. அசடு வழிய உள்ள வந்தார்.

"கொஞ்சம் கரண்ட்ல சொருகிக்கலாமாம்மா?"

"உங்க வண்டியும் அதே வண்டிதானே?"

"எனக்குக் கடிதம் வரலியே. கடிதம் வராத வண்டியில கோளாறு இருக்காதும்மா."

"உங்க கையில இருக்கிற பட்டியலைப் பாருங்க சார்."

பார்த்தார். நாற்பத்தோராவது வரியில அவர் வண்டி நம்பர். முகம் வெளுத்துடுச்சு. ஆனா கடமைன்னா கடமை. தானே கத்திரியை எடுத்தார். "உரிமையாளருக்கு ஆட்சேபணை உண்டா?"ன்னு சத்தமா கேட்டார். "இல்லை"ன்னு தானே சொன்னார். நறுக். ரெண்டு இடத்துலயும் அவரே கையெழுத்துப் போட்டுட்டு, பெரோகி மிச்சம் இருக்கான்னு கேட்டார்.

சனிக்கிழமை பொழுது விடிஞ்சது. பார்லோவுல ஒரு வண்டியும் கிளம்பல. ஐரீன் கர்லிங் ஷூவைப் போட்டுக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தா. பத்து மணிக்கு, ராத்திரி அங்கேயே தங்கிட்ட ஓக்ஸுக்கு அலுவலகத்துலேர்ந்து போன்: "பார்லோவில் தீ விபத்து பூஜ்யம்! பாராட்டுகள்!" பத்தரைக்கு ஆட்டம் நடத்துறவங்ககிட்டேர்ந்து ஐரீனுக்கு போன்: வராத அணி தோத்த அணி, கோப்பை ஹார்பெக்குக்கு.

"அவளுங்க எப்படி அங்க போனாளுங்க? அவளுங்களும் அதே வண்டிதானே?"

"அவங்க கடிதத்தைப் பிரிக்கவே இல்லையாம் ஐரீன். அப்படியே அடுப்புல போட்டுட்டாங்களாம்."

ஐரீன் போனை வெச்சா. ஜன்னல் வழியா வெட்டின ஒயரைப் பார்த்தா. மறுபடி போனை எடுத்து, கடிதத்துல இருந்த நம்பரைச் சுத்தினா.

"வாகனப் பாதுகாப்பு அலுவலகமா? நான் ஒரு பொறுப்புள்ள குடிமகள் பேசறேன் சார். ஹார்பெக்ல நாலு வண்டியில இன்னும் ஒயர் தொங்குது. கொஞ்சம் பெரிய கத்திரியா அனுப்புங்க."