பல்கலையும் ஒன்பது கண்களும்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் பல்கலை வேலைக்குச் சேராத இடங்கள் இரண்டுதான்: போலீஸ் ஸ்டேஷன், பிரசவ ஆஸ்பத்திரி. மற்ற எல்லா இடங்களிலும் சேர்ந்து, எல்லா இடங்களிலிருந்தும் ஓடி வந்துவிட்டார்.

அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. புந்தோங் பகுதியில் எங்கள் தெருவில் அதை யாரும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவர், எதிலும் நிலைக்காதவர், அதனால் பல்கலை. எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தார். அம்மா வீட்டிலேயே கடலை வறுத்து விற்றார். நான் டவுனில் ஒரு லாரி கம்பெனியில் டைப்பிஸ்ட்.

மனிதருக்கு உட்காரவே தெரியாது. காப்பியை நின்றபடி குடிப்பார், சோற்றை நடந்தபடி தின்பார். காலியான பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதிரே வருகிறவரின் முகத்தை மட்டும் நின்று நிதானமாகப் பார்ப்பார். அதற்காக இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறார்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் சீக்கிரமே போய்விட, பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்து, அவரைப் படிக்க வைத்தவர் அக்கா செல்லம்மா. தம்பி பினாங்கில் ஓவியம் படிக்கிறான் என்று தெரிந்ததும் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் கேட்டாராம்:

“படம் வரையவா பினாங்குக்குப் போன? ஏன்டா, இங்க செவுரு இல்லையா?”

பட்டம் வாங்கி வந்தவரை முதலில் சினிமா பேனர் எழுத எடுத்தார்கள். கதாநாயகனின் போட்டோவில் சதை மடிந்து தாடை இரண்டாக இருந்தது. பல்கலை இரண்டையும் இருபதடி உயரத்துக்கு வரைந்துவிட்டார்.

“ஹீரோவுக்கு எதுக்குய்யா ரெண்டு தாடை?” என்று முதலாளி கத்தினார்.

“அவருக்கு இருக்கே லா. நான் என்னா பண்ண?”

அடுத்து ஒரு பள்ளியில் தற்காலிக ஓவிய ஆசிரியர். “பார்த்ததை வரையுங்க” என்று பிள்ளைகளிடம் சொன்னார். மறுநாள் வகுப்புச் சுவர் முழுக்க ஒரே மூக்கு, வரிசை வரிசையாக.

“இது யாரு மூக்கு?” என்றார் உள்ளே வந்த தலைமையாசிரியர்.

“உங்க மூக்குதான் சார்!” என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. அந்த வேலை அன்று மதியத்தோடு சரி.

பிறகு பொய்ப்பல் செய்யும் ஒரு சீனர் கடை. ஈறுக்கு நிறம் தீட்டும் வேலை. ஒரு தாத்தாவுக்கு மிச்சமிருந்த பற்களில் வெற்றிலைக் கறை இருந்ததால், புதுப் பற்களிலும் அதே கறையைத் தீட்டிக் கொடுத்தார். மகள் சண்டைக்கு வந்தாள். தாத்தா கண்ணாடியைப் பார்த்து, “இதுதான் என் பல்லு!” என்று கழற்ற மறுத்துவிட்டார். கடை முதலாளியான தவுக்கே அதற்காக அவரைத் துரத்தவில்லை. அங்கே பல்கலை மூன்று மாதம் தாங்கினார். எங்கள் தெருவுக்கே அது ஆச்சரியம்.

அப்போதுதான் தோட்டத்திலிருந்து தகவல் வந்தது. பால்மரம் வெட்டும்போது பட்டைச் சில்லு தெறித்து அக்காவுக்கு வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டியிலிருந்து முன்பே செய்து வைத்த பொய்க் கண் ஒன்றை எடுத்துப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். பொம்மைக்கு வைக்கிற மாதிரி ஒரு பளபளப்பு. பல்கலை அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். செல்லம்மா அக்கா சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“பக்கத்து வீட்டுப் புள்ளைங்க என்னயப் பாத்து அழுவுதுங்க தம்பி. நான் இனிமே வெளிய போவல.”

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, உட்காரவே தெரியாத அந்த மனிதர் வாசல் வெளிச்சத்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். பொய்ப்பல் வார்க்கும் பொருளிலேயே கண் வார்க்கலாம் என்று கண்டுபிடித்திருந்தார். தவுக்கே பட்டறையைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கண்ணை வைத்து அச்சு எடுத்தாயிற்று. இனி நிறம்தான்.

“எத்தன நாளுடா என் மூஞ்சியையே பாப்ப?”

“ஆடாதக்கா. இருவத்தஞ்சு வருசமா உன்னய ஒழுங்காப் பாக்கல. இப்பதான் பாக்குறேன்.”

அக்கா அதற்குப் பிறகு ஆடவில்லை.

முதல் கண் ரொம்ப வெள்ளை. இரண்டாவது ரொம்ப இளமை. ஒவ்வொன்றாக எங்கள் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. ஒருநாள் அம்மா சீனி டப்பா என்று நினைத்து ஒரு டப்பாவைத் திறக்க, எட்டுக் கண்கள் அண்ணாந்து பார்த்தன. அம்மா போட்ட கூச்சலில் அடுப்பிலிருந்த கடலை கருகிப் போனது.

“தம்பி! கண்ண வைக்கிறதுக்கு வேற எடமே இல்லையா?”

ஒன்பதாவது கண்ணின் வெள்ளையில் மெல்லிய சிவப்பு நரம்புகள் வேண்டும் என்றார் பல்கலை. என் தீபாவளிச் சேலை முந்தானையிலிருந்து பட்டு நூலை உருவினார். கேட்டுவிட்டு உருவியிருக்கலாம். திட்டலாம் என்று போனேன். ஊசி முனையால் ஒரு நூலை நான்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். நானே இன்னொரு நூலை உருவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கண்ணைப் பொருத்திக்கொண்டு செல்லம்மா அக்கா அம்மாவோடு சந்தைக்குப் போனார். தலைப்பு தோளில் கிடந்தது. பல்கலை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடையோ நடை என்று நடந்தார். ஒரு மணி நேரம் கழித்து அக்கா ஓடி வந்தார்.

“பாசார்ல ஒருத்தரும் என்னயப் பாக்கல தம்பி! மீன்காரன்கூட பாக்கலடா!”

சொல்லிவிட்டு அக்கா அழுதார். பல்கலை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அடுத்த கண் சோதனைக்குப் போனபோது ஆஸ்பத்திரி டாக்டர் எது பொய்க் கண் என்று தெரியாமல் பொருத்திய கண்ணிலேயே விளக்கடித்தாராம். “யார் செய்தது?” என்று விசாரித்தார். இரண்டே மாதத்தில் பல்கலைக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. விபத்திலும் நோயிலும் போன கண், மூக்கு, காதுகளைச் செய்து கொடுக்கும் இடம். அங்கிருந்து அவர் ஓடிவரவே இல்லை.

பஸ் ஏறும் முன்பு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். வழக்கம்போல முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உனக்கு ரெண்டு கண்ணும் ஒரே கலர் இல்ல, தெரியுமா? எடது கண்ணுல கொஞ்சம் தேன் இருக்கு.”

பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. அம்மாவின் சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.