மடியில் முட்டைகளோடு எழுதியது

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள மைத்துனர் ஆனந்தராஜுக்கு, மாமா தட்சிணாமூர்த்தி எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. சேதராப்பட்டில் நீங்களும், திருவிழாவுக்கு வந்திருக்கும் உங்கள் அக்கா சொர்ணமும் நலமாயிருக்க அம்மன் அருள் புரியட்டும். போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள், பக்கத்தில் சொர்ணம் இருப்பாள். அதனால்தான் உங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வரும் விஜய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கேட்டிலேயே படித்துக் கிழித்துவிடவும்.

மகள் மேனகா கல்யாணமாகி பிரான்சுக்குப் போனதிலிருந்து சொர்ணம் வாய்விட்டுப் பேசுவது கருப்புக் கோழியிடம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அது முதன்முறையாக அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கூடைய மட்டும் தொட்டுடாதீங்க. இடி இடிச்சா முட்ட கெட்டுடும்னுதான் இரும்பும் கரியும் போட்டு வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருந்தா போதும்." என்னால் முடியாத வேலை அது ஒன்றுதான்.

முந்தாநாள் சாயங்காலம் இடித்த இடியில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. மில்லில் நூலைச் சோதித்துக் கழித்துப் போட்டே காலம் தள்ளியவன் நான், கை சும்மா இருக்குமா? கோழி இரை தின்ன இறங்கிய நேரம் பார்த்து, கடை முட்டையைச் சோதிப்பதுபோல ஒரு வாளித் தண்ணீரில் எல்லா முட்டைகளையும் விட்டேன். பாதி மிதந்தது. மிதந்தால் அழுகல் என்பது ஊருக்கே தெரிந்ததுதானே! மூழ்கியவற்றைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு, மிதந்தவற்றைப் பையில் போட்டுத் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்கு எடுத்துப்போனேன். தொட்டிக்குமேல் பையை நீட்டினேன். பைக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். பையை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டேன் மச்சான். குஞ்சு வளர வளர முட்டைக்குள் காற்று கூடி மிதக்குமாம். இப்போதுதான் செல்போனில் பார்த்தேன். உயிருள்ளதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்!

ஓடிவந்து கூடையில் வைக்கப் போனால், அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்ட கோழி என்னைக் கிட்ட விடவில்லை. புறங்கையெல்லாம் கொத்து. அது அந்தக் கூமுட்டைகளைத்தான் கட்டிக்கொண்டு கிடக்கிறது. வேறு வழியில்லாமல் நானே அடைக்கு உட்கார்ந்துவிட்டேன். சொர்ணத்தின் பழைய புடவையில் முட்டைகளைச் சுற்றி மடியில் வைத்து, மேலே கம்பளி. ஃபேன் போடவில்லை. நேற்று எதிர்வீட்டு ஆதிலட்சுமி வந்து, "இன்னா சார், இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கினு? குளிர் ஜொரமா?" என்றாள். ஆமாம்மா என்றேன். கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, "அக்காவுக்கு போன் போட்டு சொல்றேன்" என்று போய்விட்டாள். எனவே சொர்ணம் பதறினால் எனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யுங்கள். இன்னும் ஒரு வாரம் எப்படியாவது அவளை அங்கேயே நிறுத்திவையுங்கள். காது குத்து, வளைகாப்பு, எது கிடைத்தாலும் சரி. அதற்குள் பொரித்தால் என் தலை தப்பும். பொரிக்காவிட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மகள் போன அன்று பார்த்தது போதும்.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். உங்கள் சின்னப் பெண்ணுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
எழுந்து நிற்க முடியாத நிலையில்,
மாமா தட்சிணாமூர்த்தி

பி.கு.: ஒட்டுவதற்குள் ஒரு முட்டை விரிசல் விட்டுக் குஞ்சின் மூக்கு நுனி தெரிகிறது. கீச்சுச் சத்தம் கேட்டுக் கோழியும் எழுந்துவந்து என் மடியோரம் 'கொக்கொக்' என்று நிற்கிறது. "சொர்ணம், இங்க வந்து பாரேன்!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்று உறைத்தது. மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம் மச்சான். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்து, இன்றைக்கே பஸ் ஏற்றிவிடுங்கள். திட்டட்டும். வந்து திட்டட்டும்.