நாற்பத்தேழு வார்த்தைகளும் ஒரு கட்டைவிரலும்

என் அப்பாவுக்கு வலது காலில் நான்கு விரல்கள்தான். கட்டைவிரல் போனதற்குக் காரணம் நான். (வெளியாட்களிடம் அப்பா மண்வெட்டி என்றுதான் சொல்வார். மண்வெட்டி வெறும் காயம்தான் போட்டது. மிச்ச வேலையை முடித்தது நான்.)

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கச் சில மாதங்களே இருந்த சமயம். எனக்குப் பத்தொன்பது வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்துவிட்டு விழிதியூரில் அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். இனிமேல் இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத்தான் உத்தியோகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் இங்கிலீஷ் கற்கத் தீர்மானித்தேன். கற்பதற்கு முன்பே அதில் பரிசு வாங்கிவிடலாம் என்றும் தீர்மானித்தேன்.

சென்னையிலிருந்து வந்த ஓர் இங்கிலீஷ் வாரப் பத்திரிகையில் போட்டி வைத்திருந்தார்கள். ஏ, ஆர், எஸ், டி என்று நான்கு எழுத்துகள். இந்த நான்கும் எந்த வரிசையிலாவது வருகிற வார்த்தைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிகம் அனுப்புகிறவருக்கு ரேடியோ. அர்த்தம் தெரிய வேண்டும் என்று எங்கும் போடவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனாலும் பதினொன்றில் நின்றுவிட்டேன். பெரிய அகராதி ஒன்று கையில் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் அப்பா வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டார். மஞ்சள் பற்றுப் போட்டார்கள். நாலாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பென்சிலின் போடணும். இங்க சரக்கு வரல. நாகப்பட்டினத்துல கிடைக்கும், போய் வாங்கிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டாத்தான் காலுக்கு நல்லது."

நாகப்பட்டினம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பென்சிலின் அல்ல. அங்கே வாசகசாலையில் இருக்கும் அகராதி. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சைக்கிளில் பறந்தேன். பத்தரை மணிக்கே மருந்து கைக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம் என்று சொல்லிக்கொண்டு வாசகசாலைக்குள் நுழைந்தேன். வெளியே வரும்போது மணி மூன்று. தாளில் நாற்பத்தேழு வார்த்தைகள் இருந்தன.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு-இந்திய எல்லையைத் தாண்டும்போது எதையாவது ஒளித்து வைக்காவிட்டால் எங்களுக்குக் கை பரபரக்கும். வாட்ச், பேனா, ப்ளேடு என்று ஆரம்பித்த பழக்கம். போகப் போக, யாரும் கேட்காத சாமானைக்கூட மடியில் சொருகிக்கொண்டுதான் வாஞ்சூர் சோதனைச் சாவடியைக் கடப்போம். நானும் யோசிக்காமல் அந்தத் தாளை நாலாக மடித்து மருந்துப் பெட்டிக்குள், சீசாவுக்கு அடியில் வைத்தேன். சட்டைப் பையில் வைத்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சாவடிக்காரர் பெட்டியைத் திறந்தார். தாளை எடுத்து விரித்தார். சத்தமாகப் படித்தார்.

"மாஸ்டர். ஈஸ்டர்ன். டிரான்ஸ்போர்ட். ஸ்டார்ட். பேட்ரியாட்ஸ். அரெஸ்ட்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது என்ன தம்பி?"

"போட்டிங்க."

"யாருக்கும் யாருக்கும்?"

"அப்படி இல்லீங்க. வார்த்தை கண்டுபிடிக்கிறது. மெட்ராஸுக்கு அனுப்பணும்."

"மெட்ராஸ்ல யாருக்கு?"

"ஆள் பேரு தெரியாதுங்க."

"சரி. அரெஸ்டுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க." (உண்மையிலேயே தெரியாது. பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.)

"சாதாரணக் காகிதம்னா ஏன் மருந்துக்கு அடியில ஒளிச்ச?"

அப்பாவின் காலைச் சொன்னேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். அது பிரெஞ்சில் இருந்தது; அவர் அதையும் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மருந்தையாவது யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று காலில் விழுந்தேன். "எல்லாம் சேர்ந்துதான் இருக்கணும். பெரியவர் காலையில வருவாரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சாப்பிட இட்லி வாங்கிக் கொடுத்தார். மேசை மேல் அந்தப் பெட்டி இருந்தது, நான் எதிரே பெஞ்சில் இருந்தேன், பொழுது சாய்ந்தது. அன்றைக்கு நான் அழுத மாதிரி அதன்பின் எதற்கும் அழுததில்லை.

காலையில் பெரியவர் வந்தார். தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ரேடியோ போட்டிதானே? எத்தனை எடுத்தீங்க?"

"நாற்பத்தேழுங்க."

"எங்க வீட்டம்மா அறுபதைத் தாண்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கொடுத்தார்.

வீடு போய்ச் சேர்ந்தபோது விரல் கறுத்திருந்தது. டாக்டர் ஊசியைப் போட்டார். காலைக் காப்பாற்றிவிட்டார், விரலை எடுத்துவிட்டார். "நேத்து சாயங்காலம் வந்திருந்தா இதுவும் தப்பிச்சிருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்பாவிடம் வாசகசாலை உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுக் கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இன்னும் ஒன்பது இருக்குடா. அடுத்த போட்டி எப்போ?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதற்குப் பிறகு வரப்பில் வழுக்கி விழும்போதெல்லாம் அவர் எழுந்து முதலில் என்னைத்தான் தேடுவார். "வார்த்தை ஏதாவது கிடைச்சுதா?" என்பார். அக்காவும் பிள்ளைகளும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது.

நெடுங்காலம் கழித்து அப்பா போனார். கூடத்தில் கிடத்தியிருந்தோம். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டுமே, மாமா துணியைக் கிழித்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார்.

"இதை எதோட சேர்த்துக் கட்டுறது?"

அதுவரை தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த அக்கா மூக்கைத் துடைத்தாள்.

"தம்பிகிட்ட கேளுங்க மாமா. அகராதி பார்த்துச் சொல்லுவான்."

முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு மொத்த இழவு வீடும் சிரித்தது. நான் மாமாவிடமிருந்து துணியை வாங்கி, இடது கட்டைவிரலோடு வலது காலின் இரண்டாம் விரலைச் சேர்த்துக் கட்டினேன். முடிச்சு நிற்கவில்லை. சுடுகாடு வரைக்கும் இரண்டு காலையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.