திருநள்ளாறு கச்சேரி கேசட்

அம்பலவாணன் பொத்தானை அழுத்தினார். பாடகர் மருதையனின் குரல் வர வேண்டிய இடத்தில் தன் மனைவி தையல்நாயகியின் குரல் வந்தது.

"அண்ணே, இங்க எல்லாரும் சௌக்கியம். மழைதான் இல்ல. கொல்லைல தென்னமரம் சாஞ்சு போச்சு."

ஊர்க்கதை ஐந்து நிமிஷம் ஓடி, மறுபடி தென்னை மரத்துக்கே வந்து முடிந்தது. தென்னை மரம் சாய்ந்ததற்கு ஆயிரம் பேர் கை தட்டினார்கள்.

பாரீசில் இருக்கும் அண்ணனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பலாம் என்று கையில் கிடைத்ததைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அம்பலவாணன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்தும் அவளுக்கு விஷயத்தின் பாரம் தெரியவில்லை.

"அத்தனை பாட்டு இருக்குல்ல, ஒண்ணு போனா என்னங்க?"

போனது எந்தப் பாட்டு என்பதுதான் வினை. கிராமத்துப் பாட்டைக் கிட்டாரும் டிரம்மும் வைத்து இருபது வருடமாகப் பாடிவருகிறவர் மருதையன். காரைக்காலில் அவருக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. வேலை விட்டதும் கடற்கரையில் கூடி, இருட்டும்வரை அவரைப் பற்றியே பேசுவார்கள். முதல் இசைத்தட்டோடு அவர் உச்சத்தைத் தொட்டுவிட்டார், ஆர்கன் சேர்த்த பிறகு வந்ததெல்லாம் கல்யாண வீட்டுப் பாட்டு என்பான் பட்டினச்சேரித் தங்கையன். தட்டில் கேட்பது ஒரு கேள்வியா, மேடையில் கேட்க வேண்டும் என்பார் மின்சார ஆபீஸ் சோமு. சோமு சொன்னால் மறுபேச்சு இல்லை. திருநள்ளாற்றில் மருதையன் பாடிய ராத்திரி, மேடையோரம் நின்று டேப்ரிக்கார்டரில் பதிவு செய்தவர் அவர். மருதையன் அந்த நாற்றுப் பாட்டைப் பாடியது அன்றைக்கு மட்டும்தான். அதற்குமுன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை, தட்டிலும் கிடையாது. அம்பலவாணனுக்கு அந்தக் கேசட்டை இரவல் கொடுத்தபோது சோமு பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்போல நின்றார்.

அந்தப் பாட்டின் மேல்தான் தென்னை மரம் சாய்ந்திருந்தது.

சோமு கேசட்டைத் திருப்பிக் கேட்டபோது, நாடா சிக்கிவிட்டது என்றார் அம்பலவாணன். சிக்கெடுப்பதில் தான் கெட்டிக்காரன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டார் சோமு.

ஞாயிறு காலையில் அம்பலவாணன் ஒரு முடிவுக்கு வந்தார். பாட்டு வரிவரியாக மனப்பாடம். அதற்குக் கிட்டார் கிடையாது, டிரம் மட்டும்தான். தானே பாடிவிடுவது. தையல்நாயகி காலி மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டினாள். பாட்டு நீண்டு, நாடாவில் மிச்சமிருந்த கைதட்டலையும் அழித்துவிட்டது; அதற்கு வழி சொன்னவளும் அவள்தான். டேப்ரிக்கார்டரை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய், காய்ந்த எண்ணெயில் வடாமைக் கொட்டினாள். படபடவென்று பொரிந்தது.

போட்டுக் கேட்டபோதுதான் பாட்டின் நடுவே ஒரு காக்கை கத்தியிருப்பது தெரிந்தது. இன்னொரு முறை பாடலாம் என்று எழுந்தார். வாசலில் சோமுவும் தங்கையனும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிக்கு எடுத்தாயிற்று என்று சொன்னதும், போடுங்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நாற்றுப் பாட்டு வந்தது. காக்கையும் கத்தியது. சோமு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராத்திரிக் கச்சேரில காக்கா எங்கேருந்து வந்துச்சு?"

அம்பலவாணன் டேப்ரிக்கார்டரை நிறுத்தக் கை நீட்டினார். பதில் சொன்னவன் தங்கையன்.

"அவரு குரலைக் கேட்டு விடிஞ்சிருச்சுன்னு நெனச்சிருக்கும்ண்ணே."

சோமு கண்ணை மூடித் தலையாட்டினார். இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் போனேனே என்று வருத்தப்பட்டார். வடாம் பொரிந்தபோது, அன்றைக்குக் கூட்டம் அப்படி என்றார். மறுபடி மறுபடி போடச்சொல்லிக் கேட்டார்கள். மருதையன் பாடியதிலேயே இதுதான் சிகரம் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. கடற்கரையில் வேறு பேச்சே இல்லை.

அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கு மருதையன் கச்சேரி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவருக்கே இதைப் போட்டுக்காட்டி, மேடையில் பாடச் சொல்லிக் கேட்பது என்று சோமு கிளம்பினார். கேட்காமல் பதிவு செய்தால் பாடகர்களுக்குக் கோபம் வரும் என்று அம்பலவாணன் தடுத்துப்பார்த்தார். அப்படியானால் நேரில் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று சோமு இன்னும் உறுதியானார். டேப்ரிக்கார்டரைத் தூக்கிவரும் பொறுப்பு அம்பலவாணனுக்கே வந்தது.

கச்சேரியன்று லாட்ஜ் அறையில் மருதையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிரம் வாசிக்கிற வைத்தியலிங்கம் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். கேசட் ஓடியது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. அப்புறம் மண்ணெண்ணெய் டின்.

மருதையன் வெந்நீரைக் கீழே வைத்தார். வைத்தியலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் மடிப்பதை நிறுத்தியிருந்தார். அம்பலவாணன் வாசற்கதவு எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். காக்கை கத்தியது. வடாம் பொரிந்து அடங்கியது.

"ம். அன்னைக்கு நல்லாத்தான் பாடியிருக்கேன்," என்றார் மருதையன்.

தங்கையன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சோமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு இதைப் பாட வேண்டும் என்று அவர் கேட்க, தொண்டை ஒத்துழைக்காது, இன்னொரு சமயம் பார்க்கலாம் என்று மருதையன் நழுவினார்.

அம்பலவாணனுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. பாடினவரே தன்னுடையது என்று சொல்லிவிட்டார், இனி அதைக் கேள்வி கேட்க உலகத்தில் ஆள் இல்லை. சோமுவும் தங்கையனும் படி இறங்கிவிட்டார்கள். டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அம்பலவாணன் வராந்தாவுக்கு வந்தபோது வைத்தியலிங்கம் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"தப்பா நெனைக்காதீங்க. திருநள்ளாத்துல அன்னைக்கு அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போய், வாயை மட்டுந்தான் அசைச்சாரு, பின்னாடி உக்காந்து எல்லாப் பாட்டையும் பாடினது நான். இந்த நாத்துப் பாட்டு மட்டும் என் குரலா இல்லையே, யாருங்க அது?"