சிப்போடு பத்து நடை, சிப்பில்லாமல் பத்து நடை

ஐம்பத்திரண்டாவது வயதில் குழந்தைராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் மனைவிக்குப் பயப்படுவதில்லை. முடிவெடுத்தது காலை ஆறேகாலுக்கு, துணை மின்நிலையத்தில் இரவுப் பணி முடிந்து கேட்டைத் தாண்டியபோது. வீட்டு வாசலுக்கு வந்தது ஆறே முக்காலுக்கு. அரை மணி நேரம் அந்த முடிவு தாக்குப்பிடித்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதுதான் அதிகபட்சம்.

"ஏங்க, நேத்து நீங்க போனப்புறம் உங்க பேருக்கு ஒரு பார்சல் வந்துச்சு" என்றாள் பாத்திமா மேரி. "தீப்பெட்டி தண்டிதான் இருக்கு. என்னது?"

"மருந்து."

"பிரஷருக்கா, சுகருக்கா?"

"வண்டிக்கு."

அவள் வாசல் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொட்டகைக் கீற்றே கொஞ்சம் சுருங்கியது.

கொட்டகையில் நின்றது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. ஜப்பானில் பிறந்து, பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவரின் கொப்பரைக் கிடங்கில் பதினோரு வருஷம் தூங்கி, கடைசியில் குழந்தைராஜ் கையில் வந்து விழுந்தது. இன்றைக்கும் ஏசியைப் போட்டால் கொப்பரை வாசம்தான் வரும். பிறந்தபோது நூற்று முப்பது குதிரைச் சக்தி. அவற்றில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. தரையோடு தரையாகத் தவழ்கிற ஜாதி. மன்னார்குடி வேகத்தடைகளில் அதைக் கடத்த, வேடிக்கை பார்க்கிறவர்களில் நான்கு பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஆனால் ராத்திரி முழுக்க மீட்டர் முள்ளைப் பார்த்து, மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுகிற மனுஷனுக்கு, பகலில் ஒரே ஒரு முள்ளாவது தன் காலுக்குக் கட்டுப்பட்டு நகரவேண்டும் என்று இருக்காதா?

"இதை உள்ள செருகினா இருபத்தஞ்சு பர்சென்ட் சக்தி கூடும் மேரி. சிப்பு. வண்டியோட மூளையையே மாத்திடும்."

"உங்களுக்கு ஒண்ணு வாங்கியிருக்கலாமே."

இரவெல்லாம் கண் விழித்தவனுக்குப் பதில் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

"கும்பகோணம் ஸ்டுடியோக்காரர் சூர்யபிரகாஷ் இந்த வண்டிய விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள் அவள். " கல்யாண ஜோடிய அதுல சாய்ச்சு வச்சு போட்டோ எடுக்கணுமாம். செவ்வாக்கிழமை வந்து எடுத்துக்கிறேங்கிறாரு. வண்டி ஓடக்கூட வேணாமாம். நின்னாப் போதுமாம்."

நின்னாப் போதுமாம்! குழந்தைராஜுக்கு நெஞ்சு வலித்தது. சாப்பிடாமல் படுத்தார். பாதித் தூக்கத்தில் பாத்திமா மேரியின் போன் பேச்சு காதில் விழுந்தது. "கோடை உழவுக்குப் போயிடுச்சா? ஒரு டிராக்டர் கூடவா இல்ல? வானம் வேற மூடிக்கிட்டு வருதே. மூணு மா நிலத்து உளுந்தும் அறுத்துப் போட்டுச் செடியோட கெடக்கு..." அப்புறம் தூக்கம் இழுத்துக்கொண்டது.

மூன்று மணிக்கு எழுந்தபோது அவள் காபியோடு நின்றாள். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் காபியை விட்டிருந்தாள். வீட்டில் காபி வாசமே இல்லை. கேட்காமலே டம்ளர் வந்ததும் குழந்தைராஜ் முதலில் காலண்டரைப் பார்த்தார்.

"யோசிச்சுப் பாத்தேங்க. நான் சொன்னது தப்பு. அந்தச் சிப்பு வேலை செய்யுதா இல்லையான்னு சோதிக்காம எப்படி விக்கிறது?"

"அதானே!"

"ஆனா முறையா சோதிக்கணும். மதகுலேருந்து மாதா சிலை வச்ச கெபி வரைக்கும் நம்ம ரோடு அரைக் கிலோமீட்டர். சிப்பில்லாம பத்து நடை, சிப்போட பத்து நடை. நான் போன்ல நேரம் பாக்கிறேன். சிப்பு ஜெயிச்சா வண்டி நம்ம வீட்டுல. தோத்தா சூர்யபிரகாஷ் வீட்டுல. சரியா?"

குழந்தைராஜ் கண் கலங்கிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய ஆராய்ச்சி மனத்தை அவள் மதித்திருக்கிறாள்.

சாயங்காலம் விஷயம் கேட்டு வந்த மெக்கானிக் நெய்னா முகம்மதுதான் இடையில் புகுந்தார். "அண்ணே, டர்போ வச்ச வண்டின்னா சிப்பு ஏதோ செய்யும். இது தானா மூச்சு இழுக்கிற என்ஜின். அதுலயும் கிழ என்ஜின். இதுல சிப்பைச் செருகினா பச்சை விளக்கு எரியும். வேற ஒண்ணும் எரியாது. அதுக்குப் பதிலா நாலு பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாத்துங்க, பாதிக் குதிரை திரும்பி வந்துடும்."

"நெய்னா, நீங்க ராத்திரியில தூங்குற ஆளு. நான் ராத்திரி பூரா இதைப் படிச்சவன்" என்றார் குழந்தைராஜ்.

மறுநாள் காலை வண்டியோடு மதகடிக்கு வந்தவர் பிரேக்கில் காலை ஊன்றினார். ரோட்டில் பாதி நீளத்துக்கு உளுந்தஞ்செடி பரப்பிக் கிடந்தது.

"என்ன மேரி இது?"

"காயுது. பங்குனி மாசம் ரோட்டுல உளுந்து காயாம உளுந்துல ரோடா காயும்? பஸ்ஸு போகல? நீங்க மட்டும் மேகத்துலயா போவீங்க?"

ஒரு கணம் யோசித்தார். பிறகு, படித்தவன் அல்லவா, ஒரு காரணம் கண்டுபிடித்தார். செடி மேல் ஏறினால் என்ஜினுக்கு பாரம். பாரத்தில்தான் சக்தி தெரியும். "நல்லதுதான்" என்றார்.

முதல் பத்து நடை. பாத்திமா மேரி குடையோடு ஓரத்தில் நின்று கை காட்டினாள். "கொஞ்சம் இடப்பக்கம் வாங்க! அங்க டயர் படவே இல்ல! ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி சோதிக்கணும்ல?" அகல டயர் காய்களை நறநறவென்று மிதித்தது. தாழ்ந்த வயிறு செடியைச் சீப்பால் வாருவதுபோல் புரட்டிப் போட்டது. நடைக்குச் சராசரி ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

சிப்பைச் செருகினார். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. அடுத்த பத்து நடை. சராசரி ஒரு நிமிஷம் மூன்று விநாடி.

"ஒம்போது செகண்டு!" குழந்தைராஜ் கதவைத் திறந்து குதித்தார். வண்டி தரையோடு இருந்ததால் அது குதிப்பாகத் தெரியவில்லை, எழுந்திருப்பதாகத்தான் தெரிந்தது. "நெய்னா, பாத்தீங்களா!"

நெய்னா முகம்மது குனிந்து ரோட்டைப் பார்த்தார். "அண்ணே, முதல் பத்து நடையில செடி மொத்தையா கெடந்துச்சு. அடுத்த பத்துல நசுங்கிப் பாயாட்டம் ஆயிடுச்சு. வேகம் சிப்பால வரல. செடி படிஞ்சதால வந்துச்சு."

குழந்தைராஜுக்கு முகம் விழுந்தது. ஆனால் நேர்மையான ஆராய்ச்சியாளர். "அப்ப மறுபடி சோதிக்கணும். நாளைக்கு முதல்ல சிப்போட, அப்புறம் சிப்பில்லாம."

"மறுபடியுமா?" பாத்திமா மேரி சலித்துக்கொண்டாள். "எனக்கு வேற வேலை இல்லையா?"

"மேரி, கெஞ்சிக் கேக்குறேன். புதுச் செடிதான் வேணும். நசுங்காத செடி. இன்னைக்கு இருந்த அதே பாரம் இருந்தாதான் கணக்கு சரியா வரும்."

"நம்ம செடியில பாதிதான் மிச்சம். பத்தாதே."

"நான் கேட்டு வாங்கிட்டு வரேன்."

அன்று அவர் தூங்கவில்லை. நான்கு வீடு தள்ளியிருந்த மங்களாம்பிகை வீட்டு வாசலில் போய் நின்றார். "தங்கச்சி, உங்க உளுந்தஞ்செடி கொஞ்சம் வேணும். ரோட்டுல பரப்ப. அறிவியலுக்காக."

மங்களாம்பிகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அறிவியலுக்குன்னா மொத்தத்தையும் எடுத்துக்குங்கண்ணே."

மொத்தத்தையும் எடுத்தார். தலைச்சுமையாகப் பதினேழு கட்டு. அவரே சுமந்தார், அவரே பரப்பினார், ஒரு சாண் உயரம் எங்கும் குறையாமல் கையால் அளந்து சரிபார்த்தார். ஊரில் யாரும் அவ்வளவு ஒழுங்காக உளுந்து பரப்பியது கிடையாது.

இரண்டாம் நாள். சிப்போடு பத்து நடை: ஒரு நிமிஷம் பன்னிரண்டு. சிப்பில்லாமல் பத்து நடை: ஒரு நிமிஷம் மூன்று.

நெய்னா முகம்மது, நல்ல மனுஷன், பீடி வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். குழந்தைராஜ் சிப்பைப் பிடுங்கினார். உள்ளங்கையில் அது வெறும் பிளாஸ்டிக்காகக் கனத்தது. உள்ளே ஒரு சின்ன டப்பாவை மாற்றினால் பழையது எல்லாம் புதிதாக ஓடிவிடும் என்று எந்த ராத்திரியில் நம்பத் தொடங்கினோம் என்று யோசித்தார். நினைவு வரவில்லை. அந்த ராத்திரிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

வண்டியைக் கழுவித் துடைத்தார். முன்கண்ணாடியை இரண்டு தடவை. சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவர் ஒரு மூட்டையில் இடித்துக்கொண்டார். நகர்ந்தார். இன்னொரு மூட்டை. கூடத்தில் வரிசையாக நான்கு மூட்டை, வாய் தைத்து நின்றன. வெளியே மழை பெரிய பெரிய சொட்டாக விழத் தொடங்கியது.

"என்ன மேரி இது?"

"உளுந்து. உங்க டயர் மிதிச்சதைத் தூத்தி, மங்களாம்பிகை பங்கைக் கொடுத்துட்டு அள்ளியாச்சு. நல்லவேளை, மழைக்கு முன்னாடி."

அவர் மூட்டைகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தூக்கம் கெட்ட மூளை பல்சக்கரம்போல் ஒரு பல் ஒரு பல்லாகச் சுற்றியது. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். சாவியை நீட்டினார். "நான் தோத்துட்டேன். செவ்வாக்கிழமை சூர்யபிரகாஷ் எத்தனை மணிக்கு வர்றாரு?"

"அவரு ஏன் வரணும்? வேணாம்னு சொல்லிட்டேனே."

"எப்ப?"

"டிராக்டர் இல்லைன்னு போன் வந்துச்சுல்ல, அன்னைக்கே. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

குழந்தைராஜ் மெதுவாக மூட்டை மேல் உட்கார்ந்தார். வண்டி பிழைத்துவிட்டது. சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"சாப்பிட்டுப் படுங்க" என்றாள் அவள். "மழை விட்டு ரோடு காஞ்சதும் மங்களாம்பிகை வீட்டுப் பச்சைப்பயறு இருக்கு. அதுக்கப்புறம் கெபிக்கு அந்தப் பக்கம் ரெண்டு வீடு கேட்டிருக்காங்க."

அவர் கையிலிருந்த சிப்பைப் பார்த்தார். கடைசியாகக் கொஞ்சம் மானம் மிச்சமிருந்தது. "சிப்போட வரவா, சிப்பில்லாம வரவா?"

"எப்படி வேணா வாங்க. ஆனா மெதுவா வாங்க. வேகமாப் போனா பயறு உடையுது."