பிளாப்பிக்குப் பொட்டு வைத்தவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதலில் பிடிக்கிற வியாதி, ஆபீஸைத் திருத்துவது. எனக்கு அது முற்றிய நிலையில் பிடித்தது.

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் நான் தற்காலிக ஆபரேட்டர். அதற்கு முன் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக் கம்பி ஒட்டியவள். மாலை வகுப்பில் படித்துத் தப்பித்து வந்திருந்தேன். இங்கே நிரந்தரமாக்காவிட்டால் மறுபடியும் அந்த மைக்ராஸ்கோப்புதான்.

எங்கள் பிரிவில் நாலு பேர். காலையில் கணினியை எழுப்ப, மாலையில் தகவல்களை நகலெடுக்க, முரண்டு பிடிக்கும் அச்சு இயந்திரத்தை வழிக்குக் கொண்டுவர என்று ஒவ்வொருவரும் கட்டளைகளை வரிசையாக எழுதித் தங்கள் பிளாப்பியில், அதாவது கணினித் தகட்டில், வைத்திருப்பார்கள். ஒரு பெயரைத் தட்டினால் மீதி தானாக ஓடும். ஆனால் ஒருவருடையது மற்றவருக்குக் கிடைக்காது. ஆள் லீவு போட்டால் அன்றைய வேலை அம்போ.

"எல்லாத்தையும் ஒரே பிளாப்பில சேத்துடுவோம்ண்ணே. நம்ம பிரிவுக்கு மட்டும். வெளியாள் தொடக்கூடாது" என்றேன், எங்களில் மூத்தவரான ஆரோக்கியசாமி அண்ணனிடம்.

"நல்லதுதான் லா" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் வாலையும் சேர்த்து. "ஆனா என்கிட்ட இருக்கிறத ஏன் அழிக்கச் சொல்ற?"

"பழசு கையில இருந்தா பழசத்தானே ஓட்டுவீங்க?"

(என்ன வாய் எனக்கு! இன்று அந்தப் பெண் எதிரில் வந்தால் நானே ஒரு குட்டு வைப்பேன்.)

அண்ணன் முனகிக்கொண்டே அழித்தார். மற்ற இருவரும் அழித்தார்கள். பொதுப் பிளாப்பி என் மேசை டிராயரில், சாவி என் இடுப்பில். மேலாளர் மிஸ்டர் லிம்முக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை பெரிய முதலாளியிடம் இதைக் காட்டிவிட்டு, என்னை நிரந்தரமாக்கச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

அன்று மாலை சரஸ்வதி பூஜை.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பஸ் பணிமனை மெக்கானிக்கான அப்பா தன் ஸ்பேனர்களைப் பூஜையில் வைத்தார். தம்பி கணக்குப் புத்தகத்தை வைத்தான் (திறக்காமலிருக்க ஒரு சாக்கு). நான் எதை வைப்பது? கணினியைத் தூக்கிவர முடியாது. அதனால் பிளாப்பியைக் கொண்டுவந்திருந்தேன். அன்றைய பிளாப்பி சாப்பாட்டுத் தட்டு அகலம். கறுப்பு உறை, அதில் நீளவாட்டில் ஒரு சின்னத் திறப்பு.

"பொட்டு வைக்க இடம் விட்டே செஞ்சிருக்கான் பாரு" என்று அப்பா வியந்தார்.

கணினி படிப்பதே அந்தத் திறப்பு வழியாகத்தான், அங்கே விரல் படவே கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். நான் படித்தவள் அல்லவா? விரலால் தொடவில்லை. தீக்குச்சியால் சந்தனம் வைத்தேன். அதன் மேல் குங்குமம்.

காலையில் கற்பூரம் காட்டி, பக்தியோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெரிய முதலாளி, மிஸ்டர் லிம் எல்லாரும் நிற்க, பிளாப்பியைக் கணினிக்குள் தள்ளினேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. சந்தன வாசனை மட்டும் வந்தது.

மிஸ்டர் லிம் பிளாப்பியை வெளியே இழுத்து, மஞ்சளும் சிவப்புமாக இருந்ததைப் பார்த்து, ஆரோக்கியசாமி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்க சர்ச்சுலயும் தீர்த்தம் தெளிப்பாங்க வசந்தா. வண்டி மேல தெளிப்பாங்க, இன்ஜினுக்குள்ள ஊத்த மாட்டாங்கம்மா."

பெரிய முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். மைக்ராஸ்கோப் கண் முன்னால் வந்து நின்றது.

திரும்பி வந்தபோது மூன்று பேரும் நாற்காலிகளை ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தார்கள். "வா லா, ஞாபகம் இருக்கிறதச் சொல்லு, எழுதலாம்" என்றார் அண்ணன். ஒருவர் மறந்ததை இன்னொருவர் சொல்ல, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினோம். அந்த வாரம் முடிவதற்குள், யார் லீவு போட்டாலும் யாரும் ஓட்டலாம் என்றாகிவிட்டது. நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே!

மிஸ்டர் லிம் என்னை அனுப்பவில்லை. தற்காலிகத்தை நீட்டித்து, பிறகு நிரந்தரமாக்கினார். ஒரு நகலை மட்டும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இது எந்தச் சாமியையும் பார்க்கப் போகாது" என்றார்.

இப்போது என் மகளுக்கும் இதே துறை. அவள் கம்பெனியிலும் எல்லாரும் எழுதும் நிரல்களைச் சேர்த்து வைக்க உள்ளுக்குள்ளேயே ஒரு பொதுக் கிடங்கு உண்டு. அதன் விதிகளில் முதலாவது: 'பூஜைக்கு முன் ஒரு நகல்.' எழுதியவள் என் மகள்தான். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் விளக்கம் கேட்பார்களாம். அவளும் சலிக்காமல் என் மானத்தை வாங்குவாளாம்.

போன சரஸ்வதி பூஜைக்கு அவளுடன் வேலை பார்க்கும் வெய் மிங் செங்காங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். குங்குமத் தட்டை நீட்டினேன். மரியாதையாக எழுந்து நின்றான். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, லேப்டாப் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே எங்கள் ஊர் ஆங்கிலத்தில் சொன்னான்:

"மீ கேன், ஆன்டி. திஸ் ஒன் கேனாட்."