இரண்டு முறை மூடிய கதவு

மனித குலத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் முழு வளர்ச்சி அடைகிற ஓர் இனம் உண்டு. மற்ற நாளெல்லாம் அது பல் பிடுங்கும், மருந்துக் கடை நடத்தும், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித்தரும், வரிசையில் நின்று பால் வாங்கும்; பார்த்தால் உங்களையும் என்னையும் போலவே இருக்கும். அந்த ஒரு நாள் வந்துவிட்டால் போதும், பெட்டியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நாற்பது பக்கக் கட்டுரையை நெஞ்சோடு அணைத்தபடி, நூலகத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு எடுத்த கூட்ட அறைக்குப் படியிறங்கிப் போகும். அங்கே விருது கொடுக்கும். விருது வாங்கும். பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள் செய்வார். இந்த இனத்துக்கு விருதாய்வாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

விருதாய்வாளர் வளர ஓர் எழுத்தாளர் தேவை. பெரிய எழுத்தாளராக இருந்தால் ஆகாது. அவரைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே பங்கு போட்டிருக்கும். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப்பில் தொங்கிய, சாணித்தாளில் அச்சடித்த, படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிய மர்ம நாவல்களை எழுதியவராக இருக்க வேண்டும். நான் அறிந்த சங்கத்தின் எழுத்தாளர் அப்படி முந்நூறு நாவல் எழுதியவர். அதனால் அவருக்கு முந்நூறார் என்றே பெயர். முந்நூறுக்கும் ஒரே அளவு, தொண்ணூற்றாறு பக்கம். நாலாம் பக்கத்தில் கொலை, இருபதில் காதல், கடைசிப் பக்கத்தில் கைவிலங்கு. கதையில் வரும் துப்பறிவாளர் பட்டப்பகலிலும் டார்ச் லைட்டோடுதான் நடமாடுவார். முந்நூறார் போட்டோ எடுத்துக்கொள்ள மறுத்தவர் என்பதால் கிடைத்த ஒரே படத்தில் அவர் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார். ஆண்டுதோறும் அந்தப் பின்னந்தலையைச் சட்டம் போட்டு மேடையில் வைத்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

சங்கத்தில் உறுப்பினர் பத்தொன்பது பேர். விருதுகள் இருபத்து மூன்று. கணக்கு இடிக்கிறதே என்று யோசிக்காதீர்கள், அங்கே யாரும் யோசிப்பதில்லை. சிறந்த அடிக்குறிப்புக்கு ஒன்று, சிறந்த பொருளடக்கத்துக்கு ஒன்று, அட்டைப்பட ஓவியம் கத்தியுடன் ஒன்று, கத்தியில்லாமல் ஒன்று, இளம் ஆய்வாளர் விருது ஒன்று. இளமை அறுபதில் முடிகிறது. போன வருடம் வரை ஐம்பத்தைந்தில் முடிந்தது, தலைவருடைய தம்பிக்காக நீட்டினார்கள். இவையெல்லாம் முறை வைத்து வருபவை. பெரிய விருது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டின் தலைசிறந்த ஆய்வுக்கான தங்க முலாம் பூசிய டார்ச் லைட். அதற்கு மட்டும் நிஜமாகவே சண்டை போடுவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் சகலை ஒரு விருதாய்வாளர். தொழில், பல் டாக்டர். இந்த இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. வாயில் பஞ்சு வைத்த நோயாளியைப் போல அடக்கமாகக் கேட்பவர் உலகத்தில் வேறு யார்?

"எண்பத்தேழாவது நாவல்ல கதவு எத்தனை தடவ மூடுது, சொல்லுங்க பாப்போம்."

"ஆ... ஆ..."

"பாத்தீங்களா சகல, இவரே அசந்துட்டாரு," என்று என் பக்கம் திரும்புவார்.

டார்ச் லைட்டுக்காகப் பன்னிரண்டு வருடமாகப் போட்டியிட்டுப் பன்னிரண்டு முறையும் தோற்றவர் அவர். போன வருடம் அதை இயற்பியல் வாத்தியார் தட்டிக்கொண்டு போனார். முந்நூறு நாவல்களிலும் துப்பறிவாளரின் டார்ச் மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்தது, எத்தனை பேட்டரி செலவாகியிருக்கும் என்று வரைபடத்தோடு நிறுவியிருந்தார். சகலை அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாராம்.

"ஷோகேஸ்ல நடுத்தட்டு பன்னெண்டு வருஷமா காலியா இருக்கு," என்றார் அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா. "அதுல ஒரு ஊறுகாய் ஜாடிகூட வெக்க விடமாட்டேங்கறார். இந்தத் தடவையாவது குடுத்துத் தொலைச்சா தேவலை. நீங்களும் போய் நல்லா கைதட்டுங்க."

நான் கைதட்டப் போனேன்.

இந்த முறை தோற்க வாய்ப்பே இல்லை என்று சகலை நம்பியதற்குக் காரணம், அந்த எண்பத்தேழாவது நாவல். உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி அவரிடம் இருக்கிறது. மற்ற பதினெட்டுப் பேரும் அவரிடமிருந்து நகல் எடுத்தவர்கள். அதில் எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் துப்பறிவாளர் அறைக்குள் போய்க் கதவை மூடுகிறார். பக்கத்தைத் திருப்பினால் எண்பத்தொன்று இல்லை. அறுபத்தைந்து. நடந்ததெல்லாம் எழுத்துப் பிசகாமல் மறுபடி நடக்கிறது. மறுபடி எண்பதாம் பக்கம், மறுபடி கதவு. அத்தோடு நாவல் முடிந்தது. கொலை செய்தது யார்? கடைசி வரை தெரிவதில்லை.

நீங்களாக இருந்தால் புத்தகத்தைக் கடைக்காரர் முகத்தில் எறிந்திருப்பீர்கள். விருதாய்வாளர் அப்படிச் செய்வாரா? காலம் வட்டமாகச் சுழல்கிறது என்பதைப் பக்க எண்களைக் கொண்டே சொன்ன முதல் மேதை என்று ஒருவர் எழுதினார். நீதி என்பதே கிடைக்காத ஒன்று என்ற தத்துவம் என்று இன்னொருவர் எழுதினார். ஓவியர் ஒருவர் அந்தக் கதவை மட்டும் பதினாறு முறை வரைந்து கத்தியில்லாத பிரிவில் பரிசு வாங்கினார். என் சகலையின் கட்டுரை இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. முதல் முறை கதவை மூடுபவர் துப்பறிவாளர், இரண்டாம் முறை மூடுபவர் வாசகர் என்று அவர் நாற்பது பக்கத்தில் நிறுவியிருந்தார்.

அந்தப் பக்கங்களைத் திரையில் காட்டி அவர் மேடையில் அதை வாசித்தபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயற்பியல் வாத்தியாரின் முகம் தொங்கிவிட்டது. டார்ச் லைட் மேசை மேல் வெல்வெட் துணியில் தயாராகக் கிடந்தது. நான் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துவைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் சிரித்தார்.

சிறப்பு விருந்தினர், செயலாளரின் சம்பந்தியம்மா. முந்நூறாரின் நாவல்களை அச்சடித்த அச்சகத்தில் முப்பது வருடம் பைண்டிங் வேலை பார்த்தவர் என்று தற்செயலாகத் தெரியவந்து, செயலாளர் கையோடு அழைத்து வந்திருந்தார். அதுவரை தூங்காமல் இருப்பதே பெரிய காரியமாக உட்கார்ந்திருந்தவர், திரையில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்லீங்க. அது நான் பண்ண வேலை."

"எது?"

"பதினாறு பக்கம் சேந்தது ஒரு ஃபாரம். ஆறு ஃபாரம் அடுக்கிப் பின் அடிச்சா ஒரு புஸ்தகம். அன்னைக்கு எனக்கு நல்ல ஜுரம். அஞ்சாவது ஃபாரத்த ரெண்டு தடவ வெச்சு, ஆறாவத விட்டுட்டேன். அந்த ஒரே ஒரு புஸ்தகம்தான், அதுக்குள்ள மேஸ்திரி பாத்துட்டார். அத ஓரமா வெச்சேன், எவனோ தூக்கிட்டுப் போய் வித்துட்டான் போல."

மேல்தளத்தில் யாரோ நாற்காலி இழுப்பது கேட்டது. பத்தொன்பது பேரின் பல வருட உழைப்பு கண்ணெதிரே சாய்ந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நல்ல மனுஷி, உதவி செய்ய நினைத்தார்.

"அடுக்கும்போதே நான் எல்லாக் கதையும் படிச்சிடுவேன். இதுல யார் கொன்னதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்மா," என்றார் தலைவர்.

"சின்னப் பேருதாங்க."

"வேண்டவே வேண்டாம்," என்று மற்ற பதினெட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். ஓவியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். செயலாளர் ஓடிப்போய் மைக்கின் வயரைப் பிடுங்கினார், அது திரைக்கருவியின் வயராகப் போய்விட்டது.

சகலை மட்டும் மேடையில் அப்படியே நின்றார். பன்னிரண்டு வருடம், நாற்பது பக்கம், எட்டி எடுத்தால் கைக்கு வந்துவிடும் தூரத்தில் டார்ச் லைட். நான் எடுத்துவைத்த உள்ளங்கைகளை மடியில் இறக்கிவைத்தேன்.

நடுவர் குழு அந்த அறையின் மூலைக்கே ஒதுங்கி ஆலோசித்தது. அதாவது சகலையைத் தவிர எல்லோரும் மூலைக்குப் போனார்கள், நானும் சம்பந்தியம்மாவும் நாற்காலியில் இருந்தோம். கால் மணி நேரம் கழித்துத் தலைவர் வந்து தீர்ப்புச் சொன்னார். முந்நூறாரின் படைப்புகளிலேயே தலைசிறந்தது எண்பத்தேழாவது நாவல் என்பதில் சங்கத்துக்கு இன்றும் சந்தேகமில்லை. அதைத் தலைசிறந்ததாக்கியவர் யார் என்பது இன்றுதான் தெரியவந்திருக்கிறது. ஆகவே டார்ச் லைட் சம்பந்தியம்மாவுக்கு.

"இதுக்கு பேட்டரி எங்க போடறது?" என்று கேட்டபடி அவர் வாங்கிக்கொண்டார்.

நான் சகலையைப் பார்க்கவே பயந்தேன். எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது, அக்காவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டே திரும்பினால் ஆளைக் காணோம். சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்திருந்தார். கட்டுரையின் பின்பக்கத்தில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. இருபது வயது குறைந்த முகம்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு ஜுரம் எத்தனை டிகிரி?"

"அதெல்லாம் யாருங்க பாத்தா."

"மாத்திரை போட்டுக்கிட்டீங்களா? அடுக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"டாக்டரு இப்ப ஏன் கேக்கறீங்க?"

"அடுத்த வருஷத்துக்கு," என்றார் சகலை.

என்னைப் பார்த்துக் கண் சிமிட்டவும் செய்தார். "சகல, இது ஐம்பது பக்கம் வரும்." நடுத்தட்டு இன்னும் ஒரு வருடம் காலியாக இருக்கும். அக்காவுக்குச் சொல்ல நான் தயாரித்த வசனம் வீண்.

இந்த இனத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கடிக்காது. வீட்டில் ஒன்று இருந்தால் நேரத்துக்குச் சாப்பாடு போட்டு, எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கவலை உங்களைப் பற்றித்தான். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சரி. நடுவில் ஒரு இடத்தில், பாவம், அந்த டார்ச் லைட்டை அவருக்கே கொடுத்திருக்கலாம் என்று தோன்றியதா இல்லையா? அது முதல் அறிகுறி.

இரண்டாவதை இப்போதே சோதித்துப் பார்த்துவிடலாம். தேநீர் இடைவேளையில் சம்பந்தியம்மா, பாவம், யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்ததால், கொலை செய்தது யார் என்று என் காதில் சொல்லிவிட்டார். சின்னப் பெயர்தான். உங்களுக்கும் சொல்லட்டுமா? உடனே சொல் என்றால் நீங்கள் ஆரோக்கியமானவர், எழுந்து போய் வேலையைப் பாருங்கள். சொல்லாதே, அந்த எண்பது பக்கத்தின் நகலை மட்டும் அனுப்பு, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று உங்கள் மனது சொல்லுமானால், முகவரியை எழுதுங்கள். கொஞ்சம் தாமதமாகும், இந்த வருடம் நகல் எடுத்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.